நெற்றியிலிருந்து விழுந்த துகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், அன்றும் இன்றும் என் மேலதிகாரியான ஜோதிலிங்கம் ஐயா அவர்களே! ஆர்.கே.புரம் தமிழ் மன்றத்தின் பெரியோர்களே! இரண்டு பஸ் மாறி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! "ஜல்தி முடியுங்கள்" என்று கண்ணாலேயே சொல்லும் கடைசி வரிசை இளைஞர்களே! அனைவரையும் இந்த ராமசுப்ரமணியன் கைகூப்பி வணங்குகிறான்.

சென்ற மாதம் பறந்த சோதனை ராக்கெட்டின் மூக்கில் எங்கள் பீங்கான் கவசம் இருந்தது என்பதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் முன்பு ஒரு கவசம் உடைந்த கதையைச் சொல்லாமல் இந்த ஆடையோடு வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை.

பீங்கானின் குணம் என்ன? இரும்பு வளையும், செம்பு நெளியும், பீங்கான் வளையாது, நெளியாது, உடையும்! எங்கே உடையும்? உள்ளே எங்கே குறை இருக்கிறதோ, அங்கே உடையும்! குண்டூசி முனையிலும் சிறிய குழி ஒன்று ஒளிந்திருந்தால் போதும். பாரமெல்லாம் அங்கே கூடும், பிளவு அங்கே பிறக்கும், கண் இமைப்பதற்குள் கவசம் இரண்டாகும். மற்ற இடமெல்லாம் மாசற்று இருந்து என்ன பயன்? முழுக் கவசத்தின் பலமும் அந்தப் பொட்டளவு குறையின் கையில் அல்லவா இருக்கிறது!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தாங்க வேண்டிய பாரத்தில் பாதியைக்கூடத் தாங்காமல் எங்கள் கவசம் சோதனையில் உடைந்தது. பீங்கான் மாவில் தூசி விழுந்திருக்கும் என்றார்கள். தூசி என்றதும் எல்லார் கண்ணும் யார் மேல் போனது? துடைப்பம் பிடித்தவர் மேல்! மாவு அறையைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அருக்காணியம்மாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இரண்டு பிள்ளைகளை அந்த வேலையால் வளர்ப்பவர் அவர். அழவில்லை. என்னிடம் வந்து ஒன்றுதான் சொன்னார்.

"சார், நான் தரையத்தான் தொடைக்கறேன். மாவுத் தட்டு மேல குனிஞ்சது நானில்லீங்க. யாருன்னு பாத்துட்டு என்னை அனுப்புங்க."

பார்த்தேன். உடைந்த துண்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தேன். பிளவு தொடங்கிய இடத்தில் ஒரு குழி. குழியின் ஓரத்தில், சூளையில் உருகிய சாம்பலின் உப்பு. மாவு அறைக்குள் சாம்பல் ஏது? தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, கைக்கு உறை. நெற்றிக்கு? ஆடிக் கிருத்திகையன்று நம் முருகன் கோயிலான மலை மந்திரில் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் வியர்வையுமாக அந்தத் தட்டின் மேல் குனிந்தவன் யார்? நான்தான்!

முருகன் மேலா பழி என்று ஒரு பெரியவர் கேட்கிறார். இல்லை ஐயா. முருகன் நெற்றிக்குக் கொடுத்ததை மாவில் கொட்டியவன் இந்த மடையன்.

நம் தலைவர் ஜோதிலிங்கம் ஐயாவிடம் போனேன். பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. அவர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன்: "யோசிச்சுக்கோங்க. எழுதிக் கொடுத்தா இந்த வருஷம் உங்க பேரு போயிடும்."

பயமாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். பெயர் போயிற்று, அருக்காணியம்மா வேலைக்குத் திரும்பினார். அதே மாவில் செய்த பதினொரு கவசங்கள், பார்வைக்குப் பளபளப்பானவை, பழுதே தெரியாதவை. அவற்றை ராக்கெட்டின் மூக்கில் வைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள், வைக்கலாமா? கூடாது என்கிறீர்கள். நாங்களும் கூடாது என்றோம். பதினொன்றையும் உடைத்தோம்!

அன்றிலிருந்து மாவு அறையின் வாசலில் நின்று, உள்ளே போவோரின் நெற்றியைச் சோதிப்பவர் அருக்காணியம்மா. உத்தரவு போட்டவர் நம் தலைவர். அவரையே இருமுறை முகம் கழுவி வரச்சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. ஐயா சிரிக்கிறார் பாருங்கள்!

இன்றும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். நெற்றியில் திருநீறு இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்கு முகம் கழுவி அந்தக் கதவின் முன் நிற்பேன். இதோ முன்வரிசையில் இருக்கும் அருக்காணியம்மா என் நெற்றியைப் பார்ப்பார். அவர் சரி என்ற பிறகே கதவு திறக்கும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. அருக்காணியம்மா, உங்களுக்கு என் வணக்கம்.