திரைக்குப் பின்னால் எடுத்த மூச்சு

உங்கள் ஓய்வு விழாவில் இந்த மடல் வாசிக்கப்படும் வேளையில் அரங்கில் இருப்பவர்கள்: ஹார்ன், டிரம்பெட் வரிசையினர் அனைவரும், டிராம்போன் வரிசையின் தலைவி லுட்மிலா சிகோரா, வழக்கம்போல் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்ட பேரிகைக் கலைஞர் செஸ்ட்மீர், வாயிற்காவலர் ஹெர்மீனா அம்மாள், கசகசா ரொட்டி சுட்டு எடுத்து வந்திருக்கும் உங்கள் மனைவி ஓல்கா, கறுப்புச் சீருடையில் கார்வினா சுரங்கத் தொழிலாளர் வாத்தியக் குழுவின் பழைய தோழர்கள், கதவோரத்து நாற்காலியில் அடேலா. வராதவர்கள்: உங்கள் மாணவர்கள் ஏழு பேர். முதல் வரிசையில் அவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளை எடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். எடுக்கவில்லை.

பெருங்குழலின் பெருமகனே! அடிநாதத்தின் அரசே! ஒல்ஸா இசைக்குழுவின் ஒப்பற்ற டியூபாக் கலைஞரே, ஆசிரியரே, அன்பிற்குரிய வில்லேம் கோட்டுலா அவர்களே!

இப்படி அழைத்தால், "மாலை போடுறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்பீர்கள். மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தில் இறங்கும் குடும்பத்தில் பிறந்து, சுரங்கக் குழுவில் ஊதப் பழகி, இளவயதிலேயே எங்கள் குழுவின் ஒரே டியூபா நாற்காலியில் அமர்ந்தீர்கள். வயலினுக்கு வரிசை வரிசையாக நாற்காலிகள் உண்டு; அடிநாதம் ஊதும் பெரும் பித்தளைக் குழலான டியூபாவுக்கு ஒன்றுதான். அதில் ஒருவர் உட்கார்ந்தால், அவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நீங்கள் எழுந்திருக்கவில்லை. நீங்கள் எழுந்திருக்க வேண்டும் என்று நாங்களும் ஒருநாள்கூட நினைத்ததில்லை. ஒரு மணி நேர இசையில் உங்களுக்குச் சில நிமிட வேலைதான் இருக்கும். மடியில் குழலை வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஊதுவீர்கள். எங்கள் காலடியில் தரை வந்து சேரும். அதற்கு மேல் அதைச் சொல்லத் தெரியவில்லை.

வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் அழைப்பு வந்தது. நீங்கள் போகவில்லை. "அங்க பீர் நல்லாயில்ல" என்றீர்கள். அது பொய் என்று எங்களுக்குத் தெரியும். அரங்கத்தின் அடித்தள அறையில் நீங்கள் நடத்திய வகுப்பை விட்டுப் போக உங்களுக்கு மனமில்லை.

அந்த அறைக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். வாசிக்கும்போது கதவு உள்ளிருந்து பூட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. இரண்டாவது விதி மூச்சு. நீங்கள் பென்சிலால் குறித்த இடத்தில்தான் மூச்சு எடுக்க வேண்டும். மாணவரின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். வேறெங்காவது விலா அசைந்தால் கை எடுபடும், பாடம் நின்றுவிடும். அந்தக் கைக்குப் பயந்து வளர்ந்தவர்கள் பெரிய கலைஞர்கள் ஆனார்கள். அதையும் எழுதியாக வேண்டும், உண்மைதான்.

உங்கள் மாணவி அடேலாவின் முதுகிலிருந்தும் ஒருநாள் அந்தக் கை எடுபட்டது. அறைக் கதவு அன்று திறந்திருந்ததால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"அங்க மூச்சு வாங்கச் சொன்னேனாம்மா?"

"என் நுரையீரல் அங்கதான் கேக்குது சார்."

"அப்படியா? அந்த நுரையீரலையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பு."

அவள் குழலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவைப் பூட்டிவிட்டு அடுத்த மாணவரைத் தொடங்கினீர்கள். பிறகு அவள் கப்பல்களில், கல்யாணங்களில், சர்க்கஸில் எல்லாம் வாசித்ததாகக் கேள்விப்பட்டோம். நீங்கள் அவள் பெயரைச் சொன்னதே இல்லை.

இந்த வசந்தத்தில் உங்கள் நாற்காலிக்குத் தேர்வு வைத்தோம். மேடையில் பழுப்புத் திரை. செருப்புச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்காதபடி கம்பளம் விரித்தோம். வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். விண்ணப்பித்தவர்கள் எட்டுப் பேர்; அவர்களில் ஏழு பேர் உங்கள் வகுப்புப் பிள்ளைகள். "நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தன் உக்காந்துட்டா நான் நிம்மதியாப் போயிடுவேன்" என்று ஓல்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். உங்கள் ஆசை அது ஒன்றுதான். எங்களுக்கும் அதுவே ஆசை.

முதலாமவர் வாசித்தார். அருமை. இரண்டாமவரும் அருமை. மூன்றாமவர் முடித்ததும் செஸ்ட்மீர் குனிந்து, "போன ஆளே திரும்ப வந்துட்டானா?" என்றார். நான்காமவர் வாசிக்கையில் லுட்மிலா உங்கள் காதருகே, "வாத்தியாரே, திரைக்குப் பின்னாடி நீங்களே போய் உக்காந்திருக்கீங்களா?" என்றார். முதலில் சிரித்தது நீங்கள்தான். அத்தனை பெருமை அந்த முகத்தில்! ஆறாவது ஆளுக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதே நாதம், அதே இடத்தில் அதே மூச்சு. ஏழு பேரும் குறையில்லாமல் வாசித்தார்கள். ஏழு பேரையும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

எட்டாவது எண். பாதி வரியில், யாரும் எடுக்காத இடத்தில் ஒரு மூச்சு. வெளிப்படையாக, வெட்கமில்லாமல். அதன் பிறகு வந்த சுரத்தில் அரங்கம் அகலமானது. அது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது.

ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. ஏழு பேரில் யாராயிருந்தாலும் சரி, கோட்டுலாவின் பிள்ளை போதும் என்றது ஒரு பாதி. எட்டு என்றது மறுபாதி. உங்கள் ஓட்டு மட்டும் மிச்சம். தண்ணீர் கேட்டுக் குடித்தீர்கள். "எட்டு" என்றீர்கள். லுட்மிலா ஏன் என்று கேட்டதற்கு, "நான் எழுந்து போற நாற்காலியில திரும்ப நானே வந்து எதுக்கு உக்காரணும்?" என்றீர்கள்.

உங்கள் செல்ல மாணவன் மாரெக் வாசலில் நின்று சொன்னதையும் நாங்கள் கேட்டோம். "எங்கள உங்கள மாதிரியே ஆக்குனது நீங்க. இப்ப உங்கள மாதிரி இல்லாத ஒருத்திக்கு ஓட்டுப் போட்டதும் நீங்க. நாங்க என்ன தப்புப் பண்ணோம், சொல்லுங்க சார்." அவன் கேட்டதில் தவறில்லை. அன்றிலிருந்து அவர்கள் யாரும் உங்களோடு பேசவில்லை.

இதையெல்லாம் விழாவில் படிக்கலாமா என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. சுருதி விலகினால் முகம் சுளிப்பவர் நீங்கள்; உங்களிடம் பொய்ப் புகழ் செல்லாது. ஏழு நல்ல கலைஞர்களை உருவாக்கினீர்கள், அவர்களில் ஒருவரும் இங்கே இல்லை. அந்த வருத்தத்தை எங்களால் ஆற்ற முடியாது. ஆனால் தன் ஆயுள் உழைப்புக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்ட ஒரு மனிதருடன் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தோம். அதைப் பெருமை என்று சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை.

நெடுநாள் வாழுங்கள். பல் ஆடாமல் இருக்கட்டும். முழங்கால் படிகளுக்குப் பணியாமல் இருக்கட்டும். மூச்சு, குறித்த இடத்திலும் குறிக்காத இடத்திலும் தடையின்றி வரட்டும். அந்த ஏழு பேரில் ஒருவனாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மணியை அடிக்கட்டும்.

இன்னும் ஒன்று. நேற்று நீங்கள் அடித்தள அறையைக் காலி செய்தபோது ஹெர்மீனா அம்மாள் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அவர் சொல்லித்தான் எழுதுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடேலா குழலோடு வந்தாள். சாவியை அவள் கையில் கொடுத்தீர்கள்.

"ஒரு தடவ என்கூட நின்னு பாத்துட்டுப் போங்க சார். முதுகுல கை வைங்க."

"வேண்டாம்மா. கை வச்சா என் மூச்சத்தான் எடுப்ப."

"சரி, வெளிய நின்னாவது கேளுங்க."

"கேட்டா திருத்தத் தோணும். நான் போனதும் பூட்டிக்கோ. வாசிக்கும்போது கதவு பூட்டியிருக்கணும்."

பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். அவள் உங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். சாவி ஒரு முறை திரும்பியது.

— ஒல்ஸா இசைக்குழுவினர், கார்வினா