இருநூற்று ஐம்பத்தாறு வரிகள்

முட்டையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் குடோனுக்கு ஓடுவதில்லை, ஐயா. அட்டையில் முப்பதும் சேர்ந்த பிறகுதான் தூக்குவார்கள். நான் எழுதிய லைப்ரரி என்கிற புரோகிராமும் கம்ப்யூட்டருக்குள் அதைத்தான் செய்கிறது. எழுத்தோ படமோ, எது வந்தாலும் ஓரிடத்தில் சேர்த்து, நிறைந்ததும் மொத்தமாகக் கொடுக்கும். அந்த இடத்தைப் பஃபர் என்போம். நான்கு வருடத்தில் ஒரு எழுத்தைக்கூட அது தொலைத்ததில்லை.

என் கால் ஆடுவதைக் கவனிக்க வேண்டாம். உட்கார்ந்தால் அப்படித்தான்.

மல்லசமுத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணையின் எருக்குழியில் விஷவாயு மீட்டர் வைத்தபோதும் அதே லைப்ரரியைத்தான் போட்டேன். மீட்டர் ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாயு அளவை ஒரு வரியாக அனுப்பும். இருநூற்று ஐம்பத்தாறு வரி சேர்ந்தால் பஃபர் நிறையும். அப்போதுதான் நாமக்கல்லில் எங்கள் திரையில் நிறம் மாறும்; பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் விஷவாயு. குழியில் இறங்குகிறவர்கள் எங்களுக்குப் போன் போட்டு, பச்சை என்று கேட்ட பிறகே இறங்குவார்கள். அது பண்ணை வழக்கம்.

அறிவுச்செல்வி எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம். புதன்கிழமை எங்கள் முதலாளி முன்னால் சொன்னாள்: “தனசேகரண்ணா, நீங்க காட்டறது பழைய பச்சைங்க. சிவப்பு வந்தா, தெரிய இருவது நிமிசங்கூட ஆகுமுங்க.”

முதலாளி சிரித்தார். “ஏப்பா தனசேகரு, வந்ததையெல்லாம் அடைகாத்துட்டு உக்காந்திருக்கியா?”

அன்றே அவள் ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் சேர்ந்தவரை உடனே வந்துவிடும். இன்னொரு தப்பு தெரிந்தால் என் லைப்ரரியை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடுவது என்று முடிவானது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பண்ணையிலிருந்து ஆராயி போனில் கூப்பிட்டாள். குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அவள் வீட்டுக்காரர் ரங்கன் இறங்க வேண்டும்.

“ஏனுங்க, எறங்கலாங்களா?”

“பச்சைதாம்மா.”

“தெனமும் பச்சைங்கறீங்க. உங்க பொட்டிக்கு வேற கலரே தெரியாதுங்களா?” சிரித்துக்கொண்டே வைத்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. திரையில் பச்சைதான் இருந்தது.

பிறகு இருப்புக்கொள்ளாமல் பஃபரைத் திறந்து பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு வரி சேர்ந்திருந்தது. கடைசி நாற்பதும் சிவப்பு. இன்னும் அறுபது வரி, ஐந்து நிமிடம். பொத்தான் இருந்தது. ஆராயியின் எண்ணும் இருந்தது. ஆனால் அடுத்த மேசையில் அறிவுச்செல்வி இருந்தாள். அழுத்தினால் அவள் திரையில் தெரியும். கூப்பிட்டால் அவள் காதில் விழும்.

எழுந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். இருநூற்றுப் பத்து. ஏணியில் இறங்க ஒரு நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இருநூற்று முப்பது. கடைசி வரி விழுந்ததும் திரை தானாகச் சிவந்தது. உடனே ஆராயிக்குப் போன் போட்டது நான்தான். எடுத்தாள், குழியைப் பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அலறிக்கொண்டிருந்தாள்.

ரங்கன் செத்ததற்கு நானே காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அறுபது வரியும் வரிசை மாறாமல், ஒரு எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்தது. அதையும் எழுதுங்கள். அறிவுச்செல்வி இதைப் படிப்பாள் அல்லவா?