முற்றட்டும் என்று விட்டேன்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஐயா. பலருக்கு இது தெரியாது. தின்றது கெட்டுப்போனாலும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். குதிரை மருத்துவனான நான் காலம் தள்ளியது அந்த வயிறுகளோடு. தோள்வரை கையுறை மாட்டி லத்தியைத் தோண்டுவேன், புழு பார்ப்பேன், அழுகிய குளம்பைச் சீவுவேன். அந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. சாப்பாட்டில் கை வைத்தால் முதலில் வருவது அதுதான்.

சவாரிப் பள்ளியில் அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை என் மனைவியின் தங்கையின் பொறுப்பில் இருந்தது. அவள் அங்கே பயிற்சியாளர். தாயில்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். குதிரைக்கு மகாராணி என்று பட்டம் சூட்டி அதன் மூக்கில் முத்தம் கொடுப்பாள். ஒழுகுகிற மூக்கு அது. எனக்குப் பார்க்கச் சகிக்காது.

ஒரு நாள் கூப்பிட்டாள்.

"மாமா, இவ நெஞ்சுக்குக் கீழ வீங்கியிருக்கு பாருங்க. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குது."

விரலால் அழுத்தினேன். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இதயத்துடிப்போ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்டது. ஸ்கேன் செய்தேன். இதயத்தைச் சுற்றி நீர், வலது மேலறையில் ஒரு கட்டி.

குதிரையின் இதயத்தில் புற்று வருவது மிக அபூர்வம். இரத்தக்குழாயின் உட்சுவரில் பிறக்கும் அந்த வகையைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் என் வேலை எனக்கு அருவருப்பாக இல்லை.

"சளிதான். பயப்படாதே" என்றேன்.

அதற்கு மருந்து கிடையாது. உண்மையைச் சொன்னால் அன்றே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். கட்டியோ எலுமிச்சை அளவுதான் இருந்தது. பிஞ்சைப் பறிக்க யாருக்கு மனம் வரும்? முற்றட்டும் என்று விட்டேன்.

ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஓய்வு என்றால் நிர்வாகி வேறு மருத்துவரைக் கூட்டிவருவார். அதனால் லேசாக ஓட்டலாம் என்றேன். மூச்சு முட்டும்போது விலாவுக்கு நடுவே ஊசி இறக்கி நீரை எடுப்பேன். சிவப்பாக வாளியில் விழும். அவள்தான் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"சளியில ரத்தம் வருமா மாமா?"

"வரும்."

என் கைராசியைப் பற்றி அக்காவிடம் பெருமையாகப் பேசினாளாம்.

பிறகு கட்டி முற்றிவிட்டது. லாயத்தில் ஆளில்லாத நேரத்தில் குதிரை செத்தால், நான் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். கண்ணெதிரே சாக வேண்டும். மூச்சு வாங்க ஓடினால் கட்டி உடையும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னைக்குத் தடை தாண்ட வைக்கலாமா மாமா? நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

"தாராளமா" என்றேன்.

அவளைச் சுமந்துகொண்டு குதிரை எழும்பியது. அந்தரத்திலேயே உயிர் போய்விட்டது என்று நினைக்கிறேன். மூட்டைபோல அவள்மேல் விழுந்தது. லாயக்காரர், "ஐயா, அம்மாவைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே ஆட்களைக் கூப்பிட ஓடினார். இடுப்புக்குக் கீழே அவள் குதிரைக்கு அடியில் இருந்தாள். நினைவு இருந்தது.

"மாமா."

"இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

ஆட்களோடு லாயக்காரர் திரும்பி வந்தபோது முழங்கைவரை குதிரையின் நெஞ்சுக்குள் இருந்தேன். எப்போதும் ஐயா என்று கூப்பிடுகிறவர், "நீயெல்லாம் மனுஷனாடா?" என்றார். நான் கோபப்படவில்லை. என் கையில் இருந்தது என்னவென்று அவருக்கு எப்படிப் புரியும்? கறுஞ்சிவப்பாக, பஞ்சுபோல, தொட்ட இடமெல்லாம் கசிந்துகொண்டு, என் முஷ்டியைவிடப் பெரிதாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்று மாலை என் மனைவி என் முகத்தில் துப்பினாள். எச்சில் எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் பொறுமையாகத் துடைத்துக்கொண்டேன். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். "குதிரையின் பக்கம் போகவிடாமல் உன் தங்கை என் கால்சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். நான் உதறவில்லை, வலிக்காமல் ஒவ்வொரு விரலாகத்தான் பிரித்தேன்."