கை தவறிய காணிக்கை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அன்பால் எங்களை ஆளும் போதகர் ஐயா அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

பின்வரிசையில் பேசுகிறவர்கள் முடித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். இரைச்சலுக்கு மேல் கத்த அவர்கள் எனக்குக் கற்றுத்தரவில்லை... நன்றி.

பணமும் விசுவாசமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பணம் பொல்லாதது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய பணம் பொல்லாததா? மழைக்கு ஒழுகிய கூரையை மாற்றிய பணம் பொல்லாததா? பணத்தின் முன்னால் பொய் சொல்லாமல் நிற்கிறோமா என்பதே ஆண்டவர் நம்மிடம் கேட்கும் கேள்வி!

என் நாத்தனார் தையற்காரி. மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்க, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் வேலை ஒன்று வந்திருந்தது. திங்கட்கிழமை மிஷின் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஆராதனை முடிந்ததும் வாங்கிவிடலாம் என்று, ஞாயிறன்று பணத்தோடுதான் சபைக்கு வந்தாள். நம் சபையில் காணிக்கை போட வெள்ளைக் கவர் தருகிறோம் அல்லவா? சிக்கனக்காரி, மிஷின் பணத்தையும் அதே கவர் ஒன்றில்தான் போட்டு வைத்திருந்தாள்!

சிரிக்கிறீர்கள். ஆம், அதேதான் நடந்தது. காணிக்கைப் பை நகர்ந்த பிறகு, கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். காணிக்கைக்கு வைத்திருந்த மெலிந்த கவர் உள்ளேயே படுத்திருந்தது.

"அண்ணி, கவர் மாறிப்போச்சு!"

நான் வாய் திறப்பதற்குள், வழக்கம்போல அன்றைய காணிக்கை அறிவிக்கப்பட்டது. "பெயர் சொல்லாத ஒரு பெரிய மனசு இன்னைக்கு நம்மள நெகிழ வெச்சிருக்கு!" என்றார் போதகர். ஒரே கைதட்டல். எல்லோரும் நம் சபையிலேயே வசதியான துணிக்கடை முதலாளி பக்கம் திரும்பிக் கைகுலுக்கினார்கள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அடக்கமாகச் சிரித்தார்.

"அண்ணி, அது என் மிஷின்!" என்றாள் இவள், அழாத குறையாக.

பக்கத்து இருக்கை அம்மாள் அதட்டினார்: "ஏண்டி, கடவுளுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேப்பாங்களா?"

"நான் குடுக்கலையேக்கா, கை தவறிடுச்சு. குடுக்காதத குடுத்தேன்னு சொன்னா, அவருக்குத் தெரியாதா?"

எழுந்தாள். சபை நடுவே சொன்னாள். கைதட்டல் அப்படியே நின்றது. போதகர் தயங்கினார். பாதிச் சபை முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டதே! அந்த முதலாளி மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், இவள் அன்று பொய்க்காரியாகி வீடு திரும்பியிருப்பாள்.

முதலாளி எழுந்தார். காது சிவந்திருந்தது.

"ஐயா, அந்தம்மா பணத்தக் குடுத்துடுங்க. நான் போடவே இல்ல. கை குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அன்று வராதவர்கள் அவர் யார் என்று தேட வேண்டாம். அதோ, முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான்! இதைச் சொல்ல அனுமதி தந்தவரும் அவரே.

அன்பானவர்களே! அவள் தன் பணத்தைக் கேட்டு வாங்கினாள். அவர் தனதல்லாத புகழைத் திருப்பிக் கொடுத்தார். எது கடினம்? பணத்துக்காகக் கை நீட்டுவதா, பாராட்டிலிருந்து கையை உருவிக்கொள்வதா? காசைக் காணிக்கைப் பையில் போட்டுவிடலாம். கௌரவத்தை எந்தப் பையில் போடுவது? அன்று அந்த மனிதர் போட்டார்! சபை முழுவதும் பார்க்கப் போட்டார்!

மாலையில் மிஷின் வந்தது, முதலாளியின் வண்டியிலேயே.

"வண்டிக் கூலி எவ்வளவுண்ணே?"

"ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. தயவுசெஞ்சு கை மட்டும் தட்டாத."

அன்று முதல் அவர்கள் அண்ணன் தங்கை. நம் கையில் இருப்பதை நம்முடையது என்றும், இல்லாததை இல்லை என்றும் கூச்சமின்றிச் சொல்லும் வீடுகளாக நம் வீடுகள் இருக்கட்டும். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பேசாமலிருந்த பின்வரிசைக்கும் என் அன்பான நன்றி. ஆண்டவரின் சமாதானம் உங்களோடு வீடு வரை வரட்டும். வணக்கம்!