வெளியே அடித்த தாழ்ப்பாள்

நண்பன் ஒருவனின் கொள்ளுத்தாத்தாவுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... 

உச்சிவெயில் நேரம். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத பாதை. கொல்லர் அவர். தோளில் மண்வெட்டியோடு தனியாக வந்துகொண்டிருந்தார். அந்தப் பாதையில் ஒரே ஒரு வீடு. அந்தப் பக்கம் அவர் திரும்புவதில்லை. பார்க்க முகமில்லை.

அது மருந்துக்காரியின் வீடு. புருஷன் இல்லாதவள், யாருக்கும் அடங்கிப் பேசத் தெரியாதவள். விஷக்காய்ச்சலில் ஊர்ப் பிள்ளைகள் செத்தபோது, உள்ளூர் வைத்தியர் கை காட்டியது அவளைத்தான்.

"பொம்பளைக்கு எதுக்கு வைத்தியம்? கஷாயத்துல என்னத்தக் கலக்குறாளோ!"

ஊரே தலையாட்டியது. விசாரணை வரைக்கும் அவளை வீட்டிலேயே அடைத்து வைக்க முடிவானது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடிக்கக் கொல்லரைக் கூப்பிட்டார்கள்.

அவர் மகள் பிழைத்ததே அந்தக் கஷாயத்தில்தான். யாருக்கும் தெரியாமல் வாங்கிவந்து புகட்டியிருந்தார். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... தன்னையும் சேர்த்து இழுத்துவிடுவார்களோ என்று பயம். சொல்லவில்லை. ஆணி அடித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, கொல்லரா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

சுற்றிலும் ஊர்க்காரர்கள். அவர் அடுத்த ஆணியை எடுத்தார்.

விசாரணைக்கு யாரும் அவசரப்படவில்லை. தண்ணீர் கொடுப்பது உன் வேலை, என் வேலை என்று ஆளாளுக்குத் தட்டிக்கழித்தார்கள். கதவைத் திறந்தபோது உயிரில்லை. அன்றிலிருந்து, மகள் சிரித்தால்கூடக் கொல்லருக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போது அந்த வீட்டைத் தாண்டும்போது... டொக்... டொக்... உரலில் எதையோ இடிக்கும் சத்தம். பச்சை வேரின் கசப்பு வாசம் தொண்டையில் இறங்கியது.

சத்தம் நின்றது.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

விட்டுடுச்சும்மா... என்று சொல்லத்தான் வாயெடுத்தார். குரல் எழும்பவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"யாரும்மா... யாரு வந்தா?"

"மருந்து அத்தைப்பா. நாக்கை நீட்டச் சொன்னாங்க, நீட்டுனேன். நல்லாயிட்டேனாம்." குழந்தை சிரித்தது. "அடுத்து உங்க நாக்கைத்தான் பாக்கணுமாம்."

கொல்லர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

மகள் அவர் தோளுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, இதோ... அப்பா வந்துட்டாரு."