முந்நூறிலும் தெளிவு

புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீற்றர் வரை இழுக்கக்கூடிய மலிவான சூம் லென்ஸ் ஒன்று போதும் என்று இன்றும் சொல்வேன். பாரம் குறைவு. கழுத்து நோகாது. நல்ல வெயிலில் இருநூறு வரைக்கும் குறை சொல்ல முடியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஞாயிறுகளில் ஏழெட்டுப் பேருக்குப் படம் எடுக்கப் பழக்கினேன். கொழும்பிலிருந்து அந்த லென்சில் ஆறு எடுப்பித்து, ஒன்றைச் சோதித்து, மதிப்பீட்டைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசி வரி: “முந்நூறிலும் தெளிவு. தூரத்து எழுத்தையும் வாசிக்கலாம்.” எல்லோரும் நின்று வாசித்தார்கள். இராசமலர் அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். விடயம் தெரிந்தவள் என்று என்னை மனிதர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் லென்சை வாங்கியவர் பாக்கியரத்தினம், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “அக்கா, முந்நூறில இது பால் தேத்தண்ணிக்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கு. அந்தக் கடைசி வரியை வெட்டிவிடுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிழலில் கிடக்கும் பஸ் நிலையத்துப் பலகையை எடுத்தால் அப்படித்தான் இருக்கும், உட்துறைமுக வீதியில் காலை வெயிலில் நின்று வள்ளங்களின் இலக்கத்தை எடுத்துப்பார்த்துவிட்டு வந்து கதையுங்கள் என்றேன். அங்கே கமெரா தூக்கலாமோ என்று கேட்டார். மீன்பிடி வள்ளத்தை எடுக்க யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் கடற்படையின் படகுகளும் நிற்கும் என்பது நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை உட்துறைமுக வீதியில் கமெராவோடு நின்றவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் சாதாரண உடுப்பில் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. லென்ஸ் சரியில்லை என்று காட்டத்தான் எடுத்தேன், இதில் இலக்கம் தெரியவே தெரியாது, ஸ்டூடியோ அக்காவைக் கேட்டால் சொல்லுவா என்று பாக்கியரத்தினம் சொன்னாராம். பிலிமைப் பிடித்த இடத்திலேயே வெயிலில் உருவிவிட்டார்களாம். ஆகவே என் வாய் ஒன்றுதான் மிச்சம்.

லென்சை மேசையில் வைத்தார். “இதால அங்க நிண்டு இலக்கம் வாசிக்கலாமோ?”

ஞாயிறு வகுப்புக்கு வரும் மைமூனா ரீச்சர் அப்போது கடையில் நின்றார். மிஞ்சியிருந்த லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வந்தவர் சுவரிலிருந்த தாளை வாசித்துவிட்டு மெல்லச் சிரித்தார். “இது விக்கிறதுக்காக எழுதினதோ?”

இதைவிட அகலமாக யாரும் வழி திறந்துவிட முடியாது. ஓம் என்ற ஒரு சொல் போதும். பயத்தில் நாக்கு எழவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். நாக்கு எழுந்தது.

“இல்லை. உள்ளதைத்தான் எழுதினனான்” என்றேன். “வாசிக்கலாம்.”

எனக்கு வெட்கம் தருவது இதுதான்: அந்த நேரத்தில் பாக்கியரத்தினத்தின் முகம் என் நினைவில் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புத்தான் கேட்டது.

வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மைமூனா ரீச்சர் லென்சை வாங்கினார். பாக்கியரத்தினம் திரும்பி வரவில்லை.

இரண்டு வருடங்களின் பின் அவருடைய மனைவி அன்னலட்சுமி வந்தார். காணாமற்போனவர்களுக்கான மனுவோடு கொடுக்கக் கணவரின் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றார். அவர் முகம் விழுந்த பிலிம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வகுப்போடு சாம்பல்தீவுக் கடற்கரைக்குப் போனபோது, சோதனைக்காக அந்த லென்சை முந்நூறுக்கு இழுத்து அவரை எடுத்தது. சுவரில் அந்த வரியை எழுதுவதற்கு முதல் நாளே அதைக் கழுவிப் பார்த்திருந்தேன்.

மூன்று முறை அச்சிட்டேன். அன்னலட்சுமி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அக்கா, கண் ரெண்டும் மங்கலாக் கிடக்கே.”

சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

“உப்புக் காத்து, பிள்ளை” என்றேன். “பிலிமில ஈரம் பிடிச்சிட்டுது. லென்ஸ் நல்லது.”