விசாரணையைப் பிற்போடக் கேட்ட கடிதம்

பெயர்: கந்தையா நாகலிங்கம். வயது: 63. தொழில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். விலாசம்: கோவில் வீதி, இணுவில். பதிவு: 1984 ஓகஸ்ட் 29, காலை 9.40.

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். என் அயலவர் அருளம்பலம் கமம் செய்பவர். அவருடைய மகன் கதிரவேலு அடையாள அட்டை சம்பந்தமாக 29ஆம் திகதி இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்று கட்டளை வந்திருந்தது. ஆனால் 27ஆம் திகதி அவர்கள் வீட்டில் கதிரவேலுவின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கு நடந்தது. அதாவது, தாலி செய்வதற்கான பொன்னைப் பத்தர் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து உருக்குவார். அதன் பின்னர் கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டு வாசல் படலை தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கலியாணம் 30ஆம் திகதி, அதாவது நாளை.

27ஆம் திகதி மாலை அருளம்பலம் என்னிடம் வந்து, விசாரணையைப் பிற்போடும்படி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டார். "மாஸ்ரர், பெடியனுக்குக் காய்ச்சல் எண்டு எழுதிவிடுங்கோ," என்றார். நான் மறுத்தேன். 'போஸ்ற்போன்' என்ற வினைச்சொல்லை முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவன் நான். அழைக்கப்பட்டவன் தானாகப் பிற்போட முடியாது, கேட்கத்தான் முடியும், கேட்பதற்கு மெய்யான காரணம் வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். "எனக்கு உது விளங்காது. நீங்கள் பாத்து எழுதுங்கோ," என்றார். வீட்டில் பொன் உருக்கியாயிற்று, ஆகையால் மகன் வெளியே வர இயலாது என்று மட்டும் எழுதினேன். வாசித்துப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதையும் எழுதிக்கொள்ளும்படி இந்த வாக்குமூலத்தைப் பதியும் சார்ஜன்ட்டைக் கேட்டேன்.

அதன் பின்னர் 28ஆம் திகதி காலை அருளம்பலம் கடிதத்தை இங்கு கொடுத்தார். மதியம் ஜீப்பில் வந்து கதிரவேலுவையும், பத்தர் பொன் உருக்கிய மூசையையும், உருக்கிய அரைப் பவுனையும் கொண்டுபோனார்கள். போன மாதம் அடகுக்கடையில் களவுபோன நகைகளை உருக்கியதாகச் சந்தேகம் என்றார்கள். விளக்கம் சொல்ல நான் வந்தேன். அப்போதிருந்து நிலையத்தின் இந்த மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் பொய்யென்றால் பொலிசை ஏமாற்றிய குற்றம், மெய்யென்றால் களவுக்கு உடந்தை, எது என்று இன்ஸ்பெக்டர் சார்ஜன்ட் மூலம் கேட்டார். மெய் என்றேன். வேறு என்ன சொல்ல?

இன்று காலை கதிரவேலுவை என் முன்னால் கூட்டிப்போனார்கள். "மாஸ்ரர், நாளைக்குக் காலமைக்கிடையிலை விட்டிடுவினமோ?" என்று கேட்டான்.

சற்று முன்னர் என் கடிதத்துக்கு ஆங்கிலத்தில் பதில் தந்தார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது, விசாரணை திகதி குறிக்காமல் பிற்போடப்படுகிறது, அதுவரை சந்தேகநபர் தடுப்பில் இருப்பார் என்று அதில் உள்ளது. அதை வாசித்துத் தமிழில் சொல்லும்படி கேட்பதற்கு அருளம்பலம் வாசலில் நிற்கிறார்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். திருத்த ஒன்றும் இல்லை. அவ்வளவும் மெய்.

(ஒப்பம்) க. நாகலிங்கம்